மாடலுக்குக் கண்ணாடிப் பெட்டி போட்டவர்கள்

போன மாதம் மகர்பட்டாவில் உங்களில் ஒருத்தியின் வீட்டில் கூடினோம். கணவரின் வேலையோடு சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் புனேவுக்கு வந்து, இங்கே பள்ளிகளில் புதிதாக டீச்சராகச் சேர்ந்திருப்பவர்கள் நீங்கள். ரிட்டயர் ஆனவள் என்று என்னையும் மரியாதையாகக் கூப்பிட்டிருந்தீர்கள். வாழைக்காய் பஜ்ஜி நன்றாக இருந்தது. அதைத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் ஒருத்தி கேட்டாள்: "மேடம், ஜியாக்ரஃபிக்கு ஈஸியா ஏதாவது கிராஃப்ட் ஆக்டிவிட்டி சொல்லுங்களேன். கிளாஸ் அழுக்காகக் கூடாது. ஒரே பீரியட்ல முடியணும். எக்ஸிபிஷன்ல வச்சா பளிச்சுனு தெரியணும்."

வந்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று தட்டை வைத்துவிட்டுக் கிளம்பி வந்தேன். வயதானவளுக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்திருப்பீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

அழுக்காகாமல் பூகோளம் சொல்லிக் கொடுக்க முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால், அவர்கள் படத்துக்கு வர்ணம் அடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

நான் இதே புனேயின் கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். என் கோபத்துக்கு அதுதான் காரணம் என்று ஸ்டாஃப் ரூமில் கேலி செய்வார்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் தீபாவளி வந்துவிட்டால் மராத்திப் பிள்ளைகள் வாசலில் மண்கோட்டை கட்டுவார்கள். கில்லா என்று பெயர். இங்கே இன்றும் கட்டுகிறார்கள், நீங்களே உங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் பார்த்திருப்பீர்கள். கல்லை அடுக்கி, சாக்கைப் போர்த்தி, சேற்றைப் பூசி, கடுகைத் தூவித் தினமும் தண்ணீர் தெளித்தால் மலையில் புல் முளைத்துவிடும். தமிழ்ப் பிள்ளைகள் நாங்களும் சேர்ந்து கட்டினோம். முகட்டில் ஊற்றிய ஒரு சொம்புத் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கம் ஓடுவதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே அந்தக் கோட்டையில் பார்த்திருக்கிறேன். டீச்சர் ஆன பிறகு என்னிடம் இருந்த ஒரே வித்தை அதுதான்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் நான் கண்டது வேறு. பள்ளிக்கு எதிரே இருந்த ஸ்டேஷனரிக் கடையில் ரெடிமேட் ப்ராஜெக்ட் தொங்கும். எரிமலை, சூரியக் குடும்பம், இமயமலை. எரிமலைக்குத்தான் கிராக்கி அதிகம். சோடா உப்பில் வினிகரை ஊற்றினால் சிவப்பாகப் பொங்கும், பெற்றோர் கைதட்டுவார்கள். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பின் மேல்தான் இந்தப் புனே நகரமே உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக் காம்பவுண்டில் கிடக்கிற கருங்கல்லும் அதுதான். அந்தக் கல்லை எடுத்துக் கையில் கொடுத்தால் அது ப்ராஜெக்ட் ஆகாதாம்.

ஒரு வருஷம் ஒரு வீட்டிலிருந்து டிரைவர் இமயமலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தெர்மாகோல் மலை, பையனைவிட அகலம். பின்னால் பையன் வெறுங்கையோடு நடந்து வந்தான். இதில் வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன். டிரைவரைப் பார்த்தான். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு மக் தண்ணீர் கொண்டுவந்து மலையின் உச்சியில் ஊற்றினேன். வர்ணம் கரைந்து இமயமலை முழுக்க நீலமாகிவிட்டது, கங்கை மேஜைக்கு அடியில் ஓடியது. பையன் அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் வகுப்பில் சிரித்தான். மறுநாள் அவன் அம்மா வந்து போட்ட சத்தம் மூன்றாம் மாடி வரை கேட்டதாம். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் செய்தது தப்பு என்று இன்றுவரை தோன்றவில்லை.

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு சட்டம். மாடலை வகுப்பிலேயே, பிள்ளைகளின் கையால்தான் செய்ய வேண்டும். செய்து முடித்ததும் எல்லோர் முன்னாலும் அதன் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் போக வேண்டிய இடத்துக்குப் போனால் பாஸ். அழகுக்கு மார்க் கிடையாது. இந்தச் சட்டத்தால் எனக்கு வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது நான் நகரத்தின் கிழக்குப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் இருந்தேன். பள்ளிக்குப் பின்னால் ஒரு டேக்டி, அதாவது சின்னக் குன்று. அதிலிருந்து இறங்கும் ஓடை ஒரு காலத்தில் பள்ளி மைதானம் இருக்கும் இடத்தில் ஓடியிருக்கிறது. மைதானத்தைச் சமப்படுத்தியபோது ஓடையைக் குழாய்க்குள் போட்டுப் புதைத்துவிட்டார்கள். அந்த வருஷம் மைதானத்தின் ஓரத்தில் நர்சரிக்குப் புதுக் கட்டடம் கட்டியிருந்தார்கள். சாய்தளத்தில் சறுக்கி இறங்குகிற மாதிரி, பாதி தரைக்குக் கீழே. கதவுக்கு நீல வர்ணம் பூசி, சுவரெல்லாம் மீன் வரைந்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஜூனில் பள்ளி திறந்ததும் பிஞ்சுகளை அங்கே உட்கார வைத்துவிட்டார்கள். ஆகஸ்டில் டிரஸ்டி வந்து முறையாகத் திறந்து வைப்பார், அன்றைக்கே கண்காட்சி என்று ஏற்பாடு.

ஆறாம் வகுப்புக்கு நான் கொடுத்த வேலை, நம் பள்ளியையும் சுற்றுப்புறத்தையும் மாடலாகச் செய்வது. மட்டம் பார்க்கக் கொத்தனார் பிடிப்பாரே, தண்ணீர் நிரப்பிய ட்யூப், அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். ஒரு முனையை ஒருத்தி பிடிக்க, இன்னொரு முனையை இன்னொருவன் பிடிக்க, எந்த இடம் எவ்வளவு மேடு எவ்வளவு பள்ளம் என்று டேக்டி அடிவாரத்திலிருந்து அளந்துகொண்டு வந்தார்கள். தூறலில் நனைந்தார்கள், சேற்றில் விழுந்தார்கள். யூனிஃபார்ம் பாழாகிறது என்று ஆயாக்கள் என்னைத் திட்டினார்கள். அட்டைக்குப் பஞ்சமில்லை, ஐ.டி. வீடுகளில் ஆன்லைன் பார்சல் வந்து குவிகிறது. அட்டையை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டி, மேலே காகிதக் கூழ் பூசினோம். எங்கள் டிராயிங் மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, ஆயில் பெயிண்ட் இரண்டு கை அடிக்கச் சொன்னார். அட்டை தண்ணீரைக் குடித்தால் மாடல் பொய் சொல்லும் என்றார். அதிகம் பேசாத மனிதர். வேலையில் மட்டும் கறார்.

ஊற்றும் நாள் வந்தது. டேக்டியின் உச்சியில் பூவாளியைச் சாய்த்தோம். தண்ணீர் சரிவில் இறங்கி, பின் காம்பவுண்டு மூலையில் கொய்யா மரம் நிற்கும் இடத்தில் முதலில் தேங்கியது. புதைத்த குழாயின் வாய் அங்கேதான். அதை வீட்டில் ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவால் செய்திருந்தார்கள். அது குடித்தது போக மிச்சம் நிரம்பி வழிந்து மைதானத்தின் குறுக்கே பாஸ்கெட்பால் கம்பத்தடிக்கு வந்தது. அங்கிருந்து ஒரே பாய்ச்சல், சாய்தளம் வழியாக நர்சரிக்குள். பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். லோக்கல் ரயிலில் அறிவிப்பு வருகிற மாதிரி ஒருவன் மூக்கால் பேச ஆரம்பித்தான். ஃபர்ஸ்ட் ஸ்டேஷன் கொய்யா மரம், செகண்ட் ஸ்டேஷன் பாஸ்கெட்பால், லாஸ்ட் ஸ்டேஷன் நர்சரி. திரும்பத் திரும்ப ஊற்றினார்கள். ஒவ்வொரு தடவையும், செகண்ட் ஸ்டேஷன் என்று அவன் சொல்லி வாயை மூடுவதற்குள் லாஸ்ட் ஸ்டேஷன் நிரம்பிவிட்டது.

சிரிக்காமல் நின்றவள் யாழினி மட்டும்தான். கோயம்புத்தூர்க் குடும்பத்துப் பெண், பிறந்தது இங்கே. தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும். என்னிடம் மட்டும் பிடிவாதமாகத் தமிழில் பேசுவாள்.

"மேம், அது அர்ஜுன் கிளாஸ். என் தம்பி. அவன் உக்காருற ஜகா... பூரா டூப் கயா, மேம்."

அவன் உட்காருகிற இடம் முழுக்க மூழ்கிவிட்டது என்கிறாள். எனக்குச் சிரிப்பு எங்கே வரும்? நேராகப் பிரின்ஸிபாலிடம் போனேன்.

பிரின்ஸிபால் கெட்டவர் இல்லை. பயந்தவர். கெட்டவர்களோடு சண்டை போடலாம், பயந்தவர்களோடு என்ன செய்வது? எங்கள் பேச்சு இந்தியில் நடந்தது, தமிழில் தருகிறேன். "விளையாட்டுக்குச் செஞ்ச அட்டையை வச்சு ஒரு கட்டடத்தையே குத்தம் சொல்றீங்களா மேடம்? இஞ்சினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கட்டடம் அது. இந்த வருஷம் இவ்வளவு தூறியிருக்கு, ஒரு சொட்டு உள்ளே வந்துச்சா?" ஜூன், ஜூலையில் இந்தப் பக்கம் பெய்வது தூறல். பருவம் திரும்பும்போது செப்டம்பரில் இடியோடு கொட்டுவதுதான் மழை. அதைச் சொன்னேன். மழைக்காலம் முடிகிற வரைக்குமாவது பிஞ்சுகளை மாடிக்கு மாற்றுங்கள் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். நம் தொழிலில் இந்தப் "பார்க்கலாம்" என்ற சொல்லைப் போல அயோக்கியமான சொல் வேறு கிடையாது.

இரண்டு நாள் கழித்து யாழினியின் அப்பா என்னைப் பார்க்க வந்தார். பெற்றோர் சங்கத்தில் இருப்பவர், மென்பொருள் மேனேஜர். அவராக வரவில்லை. உங்கள் பாஷைக்காரர், நீங்கள் பேசினால் கேட்பார் என்று அனுப்பியிருக்கிறார்கள். என் பாஷையையே எனக்கு எதிராக ஏவிவிட்டார்கள் பாருங்கள், அதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம்," என்று அடக்கமாகத்தான் ஆரம்பித்தார். "பாப்பா சொல்லுச்சுங்க. மாடல்ல உசரத்த மட்டும் அஞ்சு மடங்கு பெருசு பண்ணிருக்கீங்களாம்? அப்ப அது நெசத்த காட்டாதுல்லீங்க? தண்ணி ஓடத்தானுங்களே செய்யும்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. மேட்டையும் பள்ளத்தையும் காட்டுகிற மாடலில் நீள அகலத்துக்கு ஒரு கணக்கு, உயரத்துக்கு வேறு கணக்கு. ஒரே கணக்கில் செய்தால் டேக்டி இட்லி உயரம்கூட வராது, மைதானத்தின் பள்ளம் கண்ணுக்கே தெரியாது. அதனால் உயரத்தை மட்டும் கூட்டுவோம். இது பொய் இல்லை, வழக்கம். நீங்களும் செய்வீர்கள். செய்துவிட்டு, யாராவது படித்தவர் வந்து "மிகைப்படுத்திவிட்டீர்கள்" என்றதும் வாயடைத்து நிற்பீர்கள். நிற்காதீர்கள். பதில் இருக்கிறது.

"எல்லா உயரத்தையும்தானே சார் கூட்டியிருக்கோம்?" என்றேன். "உங்க போட்டோவ நீட்டமா இழுத்தா மூஞ்சி நீளும். மூக்கு காதுப் பக்கம் போயிடுமா? தண்ணி ஓடற வேகம் வேணா கூடும். போய் நிக்கற இடம் மாறாது. பள்ளம் பள்ளம்தான்."

"இஞ்சினியர் பாத்துருக்காருங்களே..."

"ட்யூப்ப புடிச்சது உங்க பொண்ணு. அவ அளந்தது தப்புன்னா, வாங்க, இப்பவே திரும்ப அளக்கலாம். அந்த நீலக் கதவுக்குள்ள உங்க பையன் இருக்கான் சார்."

அவர் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "பையனுக்கு இங்க சீட்டு கெடைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சுங்க மேடம். பகைச்சுக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அளக்க வரவில்லை.

கண்காட்சி நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், எங்கள் மாடல் நுழைவாயில் கூடத்தில் நடுநாயகமாக இருக்கிறது. அதைச் சுற்றிப் பளபளவென்று கண்ணாடிப் பெட்டி. தொடாதீர்கள் என்று ஓர் அட்டை. தண்ணீர் ஊற்ற ஒரு விரல்கடை இடம் இல்லை. முந்தைய நாள் சாயங்காலம் டிராயிங் மாஸ்டருக்கு உத்தரவு போயிருக்கிறது. அவர் என் பக்கத்தில் வந்து நின்று, டிரஸ்டியின் காதில் விழாமல் மராத்தியில் சொன்னார்: "மூடிக்குப் பசை போடச் சொன்னாங்க. நான் ஸ்க்ரூதான் போட்டிருக்கேன்." அப்போது எனக்கு அது பெரிய ஆறுதலாகத் தெரியவில்லை. உங்களால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லையா என்றுதான் மனதுக்குள் அவர்மேல் எரிந்தேன்.

முதல் பரிசு எங்களுக்கு. ஆமாம், முதல் பரிசு. டிரஸ்டி கோப்பையைக் கொடுத்துவிட்டு, அற்புதமான கைவேலை என்று மைக்கில் பேசினார். மாடலைத் தூக்கிக் குப்பையில் போட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன், பிள்ளைகள் அழுதிருப்பார்கள், நாலு பெற்றோர் ஏன் என்று கேட்டிருப்பார்கள். பரிசு கொடுத்தால் யார் கேட்பார்கள்? என் பிள்ளைகள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகள் கண்டுபிடித்ததைப் பரிசு என்ற பெயரில் நிர்வாகம் மூடி வைத்துவிட்டது, அதற்குப் பிள்ளைகளையே கைதட்டவும் வைத்துவிட்டது.

டிரஸ்டியிடம் தனியாகப் போய் நர்சரியைப் பற்றிப் பேசினேன். "உங்கள் உழைப்பைத்தான் கௌரவித்துவிட்டோமே மேடம்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த மாடலுக்கு நகர்ந்தார்.

ஆனால் வகுப்பறை என்னுடையது. மழை பெய்தால் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் பாடத்தைக் கவனிக்க வேண்டாம், கொய்யா மரத்தைக் கவனிக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பில் சொல்லி வைத்தேன். பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை என்று எனக்கும் தெரியும்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, வானம் இருட்டிக்கொண்டு கொட்ட ஆரம்பித்தது. வராந்தாக் கூரைத் தகட்டில் கடலை வறுக்கிற மாதிரிச் சத்தம். நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. எங்கள் வகுப்பு முதல் மாடி. அன்று ஜன்னலோரம் யாழினிதான்.

"மேம், ஃபர்ஸ்ட் ஸ்டேஷன்."

எட்டிப் பார்த்தேன். கொய்யா மரத்தைச் சுற்றிச் செந்நிறத் தண்ணீர். குழாயின் வாய் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். வராந்தாவில் பிரின்ஸிபால் நின்றிருந்தார். நர்சரியை மேலே ஏற்ற வேண்டும் என்றேன். அவர் மழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்போ கலைச்சா குழந்தைங்க படியில விழும். பெற்றோருக்குத் தெரிஞ்சா பயந்துடுவாங்க. கொஞ்சம் பார்க்கலாம் மேடம், விட்டுடும்."

அவர் சொன்னது முட்டாள்தனம் இல்லை. அதைப் புரிந்துகொள்ளுங்கள். அவசரப்பட்டுப் படியில் ஒரு குழந்தை விழுந்து மண்டை உடைந்தால், தண்ணீரும் வராமல் போனால், என் கதி என்ன? அந்த இடத்தில் நின்று நான் யோசித்ததும் அதைத்தான். வகுப்புக்குள்ளிருந்து மறுபடி குரல் வந்தது.

"மேம், செகண்ட் ஸ்டேஷன் வந்துடுச்சு."

செகண்ட் ஸ்டேஷனுக்கும் லாஸ்ட் ஸ்டேஷனுக்கும் நடுவே வாயை மூடக்கூட நேரம் கிடையாது என்பது எனக்குத் தெரியும், என் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பள்ளியில் வேறு யாருக்கும் தெரியாது. அவர்கள்தான் கண்ணாடி போட்டுவிட்டார்களே. "நீங்க பாருங்க, நான் போறேன்" என்று பிரின்ஸிபாலிடம் சொல்லிவிட்டு என் வகுப்பையே கூட்டிக்கொண்டு படிக்கு ஓடினேன்.

பெரிய பிள்ளைகளைக் கீழே கூட்டிப் போகவில்லை. நர்சரிச் சாய்தளத்தை ஒட்டி மாடிக்கு ஏறும் படியில் வரிசையாக நிறுத்தினேன். என்ன நடந்தாலும் நின்ற படியை விட்டு இறங்கக் கூடாது என்று சொன்னேன். சின்னக் குழந்தைகள் பயந்த நேரத்தில் டீச்சர் சொன்னால் கேட்காது, தீதி, அதாவது ஓர் அக்கா, கையை நீட்டினால் பிடித்துக்கொள்ளும். கீழே நானும், நர்சரி டீச்சர்களும், மாவ்ஷி என்று எல்லோரும் கூப்பிடும் ஆயாவும். எங்கிருந்தோ டிராயிங் மாஸ்டர் வந்து சாய்தளத்தின் அடியில் நின்றுகொண்டார். ரயில் விளையாட்டு, மேலே போகிற ரயில் என்றோம். குழந்தைகள் கிளம்பவில்லை. ஏன் தெரியுமா? ஷூ. ஷூ போடாமல் வகுப்பை விட்டு வெளியே போகக் கூடாது என்று நாம்தானே பழக்கியிருக்கிறோம். எல்லாம் உட்கார்ந்து ஷூ மாட்ட ஆரம்பித்துவிட்டன. கதவடியில் தண்ணீர் நாக்கை நீட்டுகிறது, இவை ஷூ மாட்டுகின்றன. ஷூவை விடு, வெறுங்காலோடு வா, இன்றைக்கு அதுதான் விளையாட்டு என்று நான் கத்திய கத்தலில் ரயில் புறப்பட்டது.

கை மாறிக் கை மாறி எல்லாம் ஏறின. பாதிப் படியில் யாழினி நின்றிருந்தாள். ஒவ்வொரு குழந்தையாகக் கையைப் பிடித்து மேலே விட்டாள். ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். ரயில் முடிந்தது. அர்ஜுன் வரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். ஒரு காலைக் கீழ்ப் படிக்கு எடுத்தாள், பிறகு பின்னால் இழுத்துக்கொண்டாள். நான் சொன்னதற்காக நின்றாள். அந்தப் பெண் அன்று நின்றதுபோல நிற்க எனக்கு வராது.

நான் திரும்பி உள்ளே போனபோது முழங்கால் அளவு. மூலையில் பெஞ்சின்மேல் உட்கார்ந்து அர்ஜுன் இரண்டாவது ஷூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். "ஆன்ட்டி, இது லெஃப்டா ரைட்டா?" என்று கேட்டான். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாய்தளத்துக்கு வந்தேன். மாஸ்டர் என் முழங்கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார். அதன் பிறகு வந்த தண்ணீரை மாடியிலிருந்துதான் பார்த்தோம். குட்டி நாற்காலிகள் நீலக் கதவு வழியாக மிதந்து வெளியே வந்தன. சுவரில் வரைந்திருந்த மீன்கள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன.

ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலமே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், நிர்வாகத்தின் முன்னேற்பாட்டால் அனைவரும் பத்திரம் என்று செய்தி வந்தது. மறுநாள் அனுமதி இல்லாமல் வகுப்பைக் கலைத்ததற்காக என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆமாம், கலைத்தேன் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். எங்கள் மாடல் பரிசு ரிப்பனோடு அதே இடத்தில் இருந்தது. டிரஸ்டி எழுந்து, யாராலும் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாத மழை என்று ஆரம்பித்தார். நான் எழுவதற்கு முன்னால் யாழினியின் அப்பா எழுந்துவிட்டார். பேசுவார் என்று நினைத்தேன். நேராகக் கண்ணாடிப் பெட்டியிடம் போனார். மூடியைத் தடவிப் பார்த்தார். டிராயிங் மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவரிடம் நீட்டினார். கண்காட்சியிலிருந்து தினமும் பையில் வைத்துக்கொண்டே திரிந்திருக்கிறார் போல. நான் அவர்மேல் எரிந்தது வீண் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூடி திறந்தது. அவர் தன் பாட்டிலிலிருந்த தண்ணீரை டேக்டியின் தலையில் ஊற்றினார். பெற்றோர் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். கொய்யா மரம், பாஸ்கெட்பால் கம்பம், நீலக் கதவு. அவர் இந்தியில் சொன்னார்: "இது தப்பான மாடல்னு டீச்சர்கிட்ட போய்ச் சொன்னவன் நான்தான். என் பையன் இங்கே உக்காந்திருந்தான்."

அவ்வளவுதான். திங்கட்கிழமை நர்சரி முதல் மாடிக்கு வந்தது. அந்தக் கட்டடத்தில் இப்போது சைக்கிள் நிறுத்துகிறார்கள். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். ஜெயித்துவிட்டீர்கள் மேடம் என்றார்கள்.

யாழினி மட்டும் இடைவேளையில் கேள்வியோடு வந்தாள். தம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் தமிழை அன்றைக்கு மிகவும் யோசித்துக் கோத்துப் பேசினாள்.

"மேம், அப்பா ஊத்தின தண்ணி, நாங்க ஜூலைல ஊத்தின தண்ணி, ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான போச்சு?"

"ஆமாம்."

"அப்ப எங்களுக்கு ஏன் மேம் கப் குடுத்தாங்க? அப்பாவுக்குக் குடுக்கலையே?"

எனக்குப் பதில் தெரியும். அதை ஆறாம் வகுப்புப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அவள் இப்போது பத்தாவது படிக்கிறாள், உங்களில் அன்று கேட்டவள் சேர்ந்திருக்கும் அதே பள்ளியில். அழுக்காகாத ஆக்டிவிட்டி கேட்டாயே அம்மா, முதலில் அவளிடம் போய் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வா.